காலாஹ் என்ற சொல்லும் என் சித்தப்பாவும்

போன மாதம் பியூலா போன் செய்தாள். கே.கே. நகரில் ஒரு மாடியில் இயங்கும் வேதாகம மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் நான் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தேன். ஓய்வு பெற்றபோது என் மேஜைக்கு வந்தவள் அவள்.

"அக்கா, பழைய குறிப்பு நோட்டையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்திக்கிட்டு இருக்கோம். ஒரு வசனத்துல ஏன் இந்தச் சொல்லைப் போட்டோம்னு காரணம் எழுதுற எடத்துல நீங்க ரெண்டே வார்த்தை எழுதியிருக்கீங்க. 'சோழவந்தான். சித்தப்பா.' அம்புட்டுதான். இதை நான் எப்படிக்கா ஏத்துறது?"

சிரிப்பு வந்துவிட்டது. "அந்தக் கட்டத்துல எத்தனை எழுத்து புடிக்கும்?" என்று கேட்டேன்.

"முன்னூறு."

"பத்தாது. நான் எழுதியே தாரேன்."

இப்போதெல்லாம் எபிரெயச் சொல் ஒன்றைத் திரையில் தொட்டால் போதும். அதன் வேர், அது எத்தனை இடத்தில் வருகிறது, யார் யார் எப்படி மொழிபெயர்த்தார்கள் என்று வரிசையாக வந்து நிற்கிறது. நல்ல வசதிதான். நாங்கள் அரைநாள் தேடியதை பியூலா அரை நிமிஷத்தில் எடுத்துவிடுகிறாள். எனக்குப் பொறாமைகூட. ஆனால் அந்தத் திரையில் என் சித்தப்பா வர மாட்டார். அதனால்தான் இந்தக் கட்டுரை.

நான் வேதாகமம் படித்து வளர்ந்தவள் இல்லை. சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த குடும்பம் எங்களுடையது. தமிழ் எம்.ஏ. முடித்து, கல்யாணமாகி வில்லாபுரத்துக்கு வந்து, ஒரு டுடோரியலில் இலக்கணம் நடத்திக்கொண்டிருந்தேன். தமிழ் படித்தவர் தேவை என்ற விளம்பரத்தைப் பார்த்து, என்ன அலுவலகம் என்றுகூடச் சரியாக விசாரிக்காமல் போய் நின்றேன்.

நேர்காணல் செய்தவர் ஹெலன் அம்மா. இறையியல் கல்லூரியில் முப்பது வருஷம் எபிரெயம் கற்பித்துவிட்டு, மொழிபெயர்ப்புக்குத் தலைமை ஏற்று வந்தவர். என் சான்றிதழ்களை அவர் பார்க்கவே இல்லை. தட்டச்சு செய்த ஒரு பக்கத்தைக் கொடுத்துச் சத்தமாக வாசிக்கச் சொன்னார். முடித்ததும் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "இப்ப சொல்லு, என்ன நடந்துச்சு?" என்றார். எனக்குப் புரிந்த மட்டும் சொன்னேன். நான் தடுமாறிய இடங்களையெல்லாம் தன் பிரதியில் பென்சிலால் குறித்துக்கொண்டார்.

"பைபிள் முன்னாடி படிச்சிருக்கியா?"

"இல்லம்மா." வேலை போச்சு என்று நினைத்தேன்.

"ரொம்ப நல்லது. எங்களுக்கெல்லாம் பழைய வசனம் மனப்பாடம். புரியலேன்னாலும் புரிஞ்ச மாதிரி இருக்கும். உனக்குத் தெரியாததுக்குத்தான் உனக்குச் சம்பளம். திங்கக்கிழமை வந்துரு."

பயிற்சி என்று ஆறு மாதம். எபிரெய எழுத்துக்களை வலமிருந்து இடமாகக் கூட்டிப் படிக்கவும், ஒரு சொல்லை உரித்து உள்ளே இருக்கும் மூன்று எழுத்து வேரைக் கண்டுபிடிக்கவும் கற்றுக்கொண்டேன். அதற்கு மேல் எனக்கு எபிரெயம் தெரியும் என்று சொன்னால் பொய்.

ஹெலன் அம்மா யாரிடமும் 'தப்பு' என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஒரு வாக்கியம் பிடிக்கவில்லை என்றால் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொள்வார். பிறகு எப்போதும் ஒரே கேள்விதான்: "இதை யாரு, யார்கிட்ட, எங்க வச்சுச் சொல்லுவாங்க?" எழுதியவருக்குப் பதில் தெரிந்தால் வாக்கியம் பிழைக்கும். இல்லையென்றால் அவரே அதை அடித்துவிடுவார். சத்தம் போடாமல் ஒரு மனிதரால் இவ்வளவு நடுங்க வைக்க முடியுமா என்று எனக்கு ஆச்சரியம்.

சேர்ந்த மூன்றாவது மாதம் ஒரு பிழையைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்து அவர் அறைக்கு ஓடினேன். அந்த வாரம் வந்த இரண்டு பகுதிகளில் ஒரே வேர் இருந்தது. ஒன்றில், கடவுள் மறைபொருளைத் தெரியப்படுத்துகிறார். இன்னொன்றில், ஜனங்களைச் சொந்த நாட்டிலிருந்து சிறைபிடித்துக்கொண்டு போகிறார்கள். இரண்டுக்கும் அதே மூன்று எழுத்து. யாரோ தட்டச்சில் கோட்டைவிட்டிருக்கிறார்கள் என்று சொன்னேன்.

ஹெலன் அம்மா வாய்விட்டுச் சிரித்தார். ஒரு தாளில் அந்த மூன்று எழுத்தையும் பெரிதாக எழுதினார். "காலாஹ். முதல் எழுத்தை 'கங்கை'யில சொல்ற மாதிரி சொல்லணும். அடிப்படையில, மூடியிருக்கிறதை விலக்குறது. போர்வையை எடுக்கலாம், முகத்திரையை எடுக்கலாம், ரகசியத்தைத் தொறக்கலாம். எல்லாத்துக்கும் இதான்."

"அப்ப நாடு கடத்துறது?"

"அதுக்கும் இதே சொல்தான். ஜனங்க போயிட்டா நெலம் மூடாக்கு இல்லாம வெறுசாத் தெரியும்ல, அதனாலன்னு ஒரு கட்சி. ரெண்டும் வேற வேற வேரு, எழுத்து மட்டும் ஒண்ணுன்னு இன்னொரு கட்சி. அகராதிக்காரங்க இன்னும் ஒத்துப்போகல. ஒரே சொல்லுல இது ரெண்டும் எப்படி இருக்கும்னு என்கிட்டப் படிச்ச அத்தனை பேரும் கேட்டுருக்காங்க."

எனக்கு அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இருப்பதாகத் தோன்றவில்லை. "நம்மகிட்டயும் இருக்கேம்மா," என்றேன்.

"எது?"

"வெளி. வெளிப்படுத்துறோம், வெளியேத்துறோம். ரெண்டும் வெளிதானே?"

கண்ணாடி நெற்றிக்குப் போனது. ஏதோ உளறிவிட்டேன் என்று பயந்து நின்றேன். அவர் உதடு மட்டும் அசைந்தது: வெளி, வெளிப்படு, வெளியேறு. திடீரென்று எழுந்து கதவைத் திறந்து, அலுவலகம் முழுவதையும் கூப்பிட்டார். "எல்லாரும் வாங்க! முத்துலட்சுமி ஒண்ணு சொல்றா, கேளுங்க!" நான் திரும்பவும் சொல்ல வேண்டியதாயிற்று. அன்று மாலை எல்லோருக்கும் பருத்திப்பால் வாங்கிவரச் சொன்னார். "முப்பது வருஷம் பாடம் எடுத்தேன். என் நாக்குலயே இருந்திருக்கு பாரு!" என்று டம்ளரைப் பிடித்தபடி சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

நாங்கள் கிளம்பும்போது என்னை மட்டும் நிறுத்தினார். "சந்தோஷப்படு. ஆனா இதை வச்சு எதையும் நிரூபிக்கப் போயிராத. ரெண்டு மொழி ஒரு எடத்துல ஒண்ணுபோல யோசிச்சிருக்கு, அம்புட்டுதான்." அன்று முதல் அந்த அலுவலகம் எனக்கு அந்நியமாக இல்லை.

என் முக்கிய வேலை வாசித்துக் காட்டுவது. மொழிபெயர்த்த பகுதியை, அதை இதுவரை கேட்டே இராத நாலைந்து பேரிடம் கொண்டுபோக வேண்டும். அவசரப்படாமல் இரண்டு முறை வாசிக்க வேண்டும். பிறகு தாளை மூடிவிட வேண்டும். 'புரிஞ்சுச்சா?' என்று கேட்கவே கூடாது. கேட்டால் எல்லோரும் மரியாதைக்காகத் தலையாட்டுவார்கள். 'என்ன நடந்துச்சு? அவர் ஏன் அப்படிச் சொன்னாரு?' என்று மட்டும்தான் கேட்கலாம். அவர்கள் சொல்வதை அவர்கள் வாய்மொழியிலேயே எழுத வேண்டும். திருத்தவோ விளக்கவோ கூடாது, முகத்தில்கூட எதையும் காட்டக் கூடாது. அங்கே கேட்டதை வெளியே யாரிடமும் சொல்லவும் கூடாது. இந்த விதிகளையெல்லாம் போட்டவர் ஹெலன் அம்மா.

எங்களைப் படாதபாடு படுத்திய வசனம் ஒரு சின்னக் கதையில் வந்தது. பழைய ஏற்பாட்டில் நான்கே அதிகாரம் கொண்ட கதை அது. கணவனையும் மகன்களையும் இழந்த ஒரு பெண் குடும்ப நிலத்தை விற்க வேண்டிய நிலை. அதை வாங்க முதல் உரிமை நெருங்கிய பங்காளி ஒருவனுக்கு இருக்கிறது. அவனுக்கு அடுத்த உரிமை உள்ள நல்ல மனிதர் ஒருவர் ஊர் வாசலில் போய் உட்கார்ந்து, அந்தப் பங்காளியைக் கூப்பிட்டு, பத்துப் பெரியவர்களை வைத்துக்கொண்டு, நிலம் விலைக்கு வருகிற செய்தியைச் சொல்கிறார். அங்கே வருகிற சொல் இந்தக் காலாஹ்தான். நாங்கள், 'இதை உனக்கு வெளிப்படுத்த நினைத்தேன்' என்று போட்டிருந்தோம்.

வில்லாபுரத்தில் என் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் வாசித்தேன். "அந்த ஆளு அதுவரைக்கும் எதுக்கு ஒளிச்சு வச்சிருந்தாரு?" என்று கேட்டார்கள். அவனியாபுரத்தில் வாசித்தேன். "ஏதோ தப்புப் பண்ணிட்டு ஒத்துக்கிற மாதிரி இருக்கே," என்றார்கள். கதையிலேயே யோக்கியமான மனிதர், எங்கள் ஒரு சொல்லால் கள்ளத்தனமானவராக மாறியிருந்தார். 'அறிவிக்க' என்று மாற்றினோம், "கவர்மெண்ட் நோட்டீஸா?" என்று ஒருவர் கேட்டார். 'தெரிவிக்க' சப்பென்று இருந்தது. இரண்டு மாதம் இப்படியே ஓடியது. பெங்களூரிலிருந்து ஆலோசகர் வந்து சோதிக்க மூன்று வாரம்தான் இருந்தது. இந்தக் கதை தேறாவிட்டால் அந்தத் தொகுதியே அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போகும்.

"நெலம் வாங்கி வித்தவங்ககிட்டப் போ," என்றார் ஹெலன் அம்மா. "உங்க ஊருக்குப் போயேன்."

எங்கள் ஊருக்குப் போவதில் எனக்கு ஒரு சங்கடம் இருந்தது. என் அப்பாவும் அவருடைய ஒரே தம்பியும் ஒன்பது வருஷமாகப் பேசுவதில்லை. இருவருக்கும் அடுத்தடுத்துக் கொடிக்கால். சித்தப்பா தன் பங்கை அசலூர் வியாபாரி ஒருவருக்கு விற்றுவிட்டார். வாங்கியவர்கள் எல்லைக்கல் ஊன்ற வந்த அன்றுதான் அப்பாவுக்கே தெரியும். அதற்குப் பிறகு ஒரே தெருவில் எதிரெதிரே வந்தாலும் ஆளுக்கொரு ஓரமாகப் போனார்கள். நான் ஊருக்குப் போனால் சித்தப்பா வீட்டுப் பக்கம் திரும்ப முடியாது.

ஆகவே ஊரின் மறுகோடியில், யாரோ ஒருவருடைய வெற்றிலை அடுக்கும் கொட்டகையைத் தேர்ந்தெடுத்தேன். காலை பத்து மணி இருக்கும். நாலைந்து பெண்கள் வெற்றிலையை நூறு நூறாக எண்ணிக் கவுளி கட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு மூன்று ஆண்கள் நின்றார்கள். வேலையைப் பார்த்துக்கொண்டே கேளுங்கள் என்று சொல்லிவிட்டு வாசித்தேன். இரண்டாவது முறை வாசிக்கும்போது யாரோ வெற்றிலைக் கூடையை இறக்கி வைத்துவிட்டு என் பின்னால் உட்கார்ந்தார்கள். நான் திரும்பவில்லை, வாசிக்கும்போது திரும்பக் கூடாது.

தாளை மூடினேன். "என்ன நடந்துச்சு? அவரு பங்காளிகிட்ட என்ன சொன்னாரு?"

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்னாலிருந்து குரல் வந்தது. முதல் சொல்லிலேயே யாரென்று தெரிந்துவிட்டது. அவர் அந்தக் கொட்டகைக்கு இலை சுமக்கிறார் என்று எனக்குத் தெரியாது.

"அந்த ஆளு நேராப் பங்காளியக் கூப்புட்டு உக்கார வச்சான். 'அண்ணே, இந்த மாதிரி நெலம் வெலைக்கு வருது. வெளிய பேசுறதுக்கு முந்தி ஒங்க காதுல ஒரு வார்த்த போட்டு வச்சிரலாம்னுதான் வந்தேன்'னான்." சித்தப்பாதான். "அதான மொறை. நான் அதச் செய்யல, தாயி."

கொட்டகையில் கைகள் எல்லாம் நின்றுவிட்டன. ஊருக்கே தெரிந்த சண்டை அது. நான் என்ன சொல்வேன் என்று பார்த்தார்கள். நான் ஒன்றும் சொல்லக் கூடாது. அவர் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் எழுதினேன், அந்தக் கடைசி வாக்கியத்தையும். கை எழுதிக்கொண்டிருந்தபோது காதில் அப்பாவின் குரல் கேட்டது. ஒன்பது வருஷமாக அவர் எங்கள் வீட்டில் சொல்லிச் சொல்லி மாய்ந்தது அதே சொல்தான்: 'அவன் வித்ததுக்கு இல்ல. என் காதுல ஒரு வார்த்த போட்டுருக்கலாம்ல?' இரண்டு மாதமாகத் தமிழ்நாட்டு அகராதிகளையெல்லாம் புரட்டிய எனக்கு அது உறைக்கவே இல்லை.

மத்தியானம் அப்பா வீட்டில்தான் சாப்பிட்டேன். அம்மா ரசம் ஊற்றினார். அப்பா எதிரே உட்கார்ந்து, "போன வேலை முடிஞ்சுதா, ஆத்தா?" என்றார். "முடிஞ்சுதுப்பா," என்றேன். அதற்கு மேல் வாயைத் திறந்தால் எல்லாம் கொட்டிவிடும் போலிருந்தது. கிடைத்த முதல் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

மறுநாள் ஹெலன் அம்மா என் குறிப்பை வாசித்தார். 'காதுல ஒரு வார்த்த போட்டு வச்சிரலாம்னு' என்ற இடத்தில் விரல் நின்றது. அவர் முகம் மலர்ந்ததைச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் உடனே அடுத்த வரிக்குப் போனவர் கண்ணாடியை ஏற்றினார்.

"நான் அதச் செய்யல தாயி. இது யாரு?"

"எங்க சித்தப்பாம்மா." கதையைச் சொன்னேன்.

"உங்கப்பாகிட்டச் சொன்னியா?"

"இல்லம்மா. வெளிய சொல்லக் கூடாதுன்னு விதி இருக்கே."

"விதி நான் போட்டதுதான்." கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார். "சரியாத்தான் செஞ்சுருக்க. உங்கப்பா காதுல போட வேண்டியது அவர் தம்பி. நீ இல்ல."

அடுத்த வாரம் குழுக் கூட்டம். 'உன் காதில் ஒரு வார்த்தை போட்டு வைக்க நினைத்தேன்' என்று புதிய வரி. குழுவில் இருந்த மூத்த போதகர் ஒருவர் தாளைத் தள்ளி வைத்தார். "வேதத்துல சந்தைப் பேச்சு வரலாமா? 'வெளிப்படுத்த'ன்னா எம்புட்டு கம்பீரமா இருந்துச்சு!"

ஹெலன் அம்மா வாதாடவில்லை. எபிரெய வரியை எழுதி அவர் முன்னால் வைத்தார். "ஐயா, காலாஹ்வுக்குப் பக்கத்துல இருக்கிற சொல்லை வாசிங்க."

"ஓஸென்," என்று வாசித்தார் போதகர்.

"அப்படின்னா?"

"காது."

"மூலத்துல அவர் சொல்றது, 'உன் காதைத் திறந்து வைப்பேன்'னு. காதை மூடியிருக்கிறதை விலக்குறது. நம்ம பழைய வரியில காது எங்க ஐயா?"

போதகர் எபிரெயத்தையும் தமிழையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "அட, நம்ம பழசுலதான் காதைக் காணோம்!" என்று அவரே சிரித்துவிட்டார். சந்தைப் பேச்சு என்று தள்ளிய வரி, கம்பீரமான வரியைவிட மூலத்துக்கு நெருக்கமாக இருந்தது.

பெங்களூர் ஆலோசகருக்குத் தமிழ் தெரியாது. ஒவ்வொரு வரியையும் சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்ல வேண்டும். காது என்ற இடம் வந்ததும் பேனாவைக் கீழே வைத்தார். இந்தச் சொல்வழக்கை யார் தந்தார்கள் என்று கேட்டார். தன் அண்ணனிடம் சொல்லாமல் நிலத்தை விற்ற ஒருவர் என்றார் ஹெலன் அம்மா. "அப்படியானால் அவரைவிடத் தகுதியான ஆள் உங்களுக்குக் கிடைக்கப் போவதில்லை," என்று சொல்லி அடுத்த வசனத்துக்குப் போய்விட்டார். நாங்கள் தேறிவிட்டோம்.

நாலைந்து மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நானும் என் வீட்டுக்காரரும் சோழவந்தானில் அப்பா வீட்டில் இருந்தோம். அப்பா கட்டிலில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம். சித்தப்பா உள்ளே வந்தார். யாரையும் பார்க்காமல் நேரே கட்டிலின் இடதுபுறம் போய்க் குனிந்து, அடித்தொண்டையில் ஏதோ சொன்னார். அப்பா பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சித்தப்பாவின் முகம் சுண்டிவிட்டது.

அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தார். "தம்பி, அந்தக் காது கேக்காது! போன வருசமே போச்சு. இந்தப் பக்கமா வாங்க!"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. சித்தப்பா கட்டிலைச் சுற்றிக்கொண்டு வலதுபக்கம் வந்தார். அதற்குள் அப்பா நிமிர்ந்து பார்த்துவிட்டார். பேப்பர் மடியில் விழுந்தது.

"அண்ணே, மகளுக்குச் சம்பந்தம் பேசி வந்துருக்காங்க. நான் இன்னும் யார்கிட்டயும் வாய் தொறக்கல. மொதல்ல ஒங்க காதுல போட்டுட்டுத்தான் மத்த பேச்சுன்னு வந்தேன்."

அப்பா அவரையே பார்த்தார்.

"மாப்ள எந்த ஊரு?" என்றார் அப்பா.

"திருமங்கலம்ணே," என்றார் சித்தப்பா. "அன்னைக்கும் நான் வந்து சொல்லியிருக்கணும்ணே..."

"அத விடுறா. மாப்ள என்ன வேலை பாக்குறாரு? மொதல்ல உக்காரு."

அந்தக் கல்யாணத்தில் அப்பாதான் வாசலில் நின்று எல்லோரையும் வரவேற்றார். கேட்காத காதுப் பக்கம் யார் வந்து பேசினாலும் தலையை ஆட்டிச் சிரித்துக்கொண்டே இருந்தார். ஹெலன் அம்மாவும் வந்து பந்தியில் உட்கார்ந்து இரண்டு தடவை பாயசம் கேட்டு வாங்கினார். அவர் யாரென்று சித்தப்பாவுக்கு நான் சொன்னேன். "ஒங்க ஆபீசுல நான் சொன்னதையா எழுதுனாக?" என்று அவர் நம்பவே இல்லை.

அச்சுக்குப் போகும் முன் கடைசியாக ஒரு வாசிப்பு உண்டு. பக்கங்களைக் கோத்து முடித்த பிரதியை எடுத்துக்கொண்டு அதே கொட்டகைக்குப் போனேன். இந்தத் தடவை அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்தே வந்து உட்கார்ந்தார்கள். இரண்டு முறை வாசித்தேன். தாளை மூடி, "என்ன நடந்துச்சு?" என்று கேட்டேன்.

யாரும் எனக்குப் பதில் சொல்லவில்லை. கதையில் அந்த முதல் பங்காளி, நிலத்தை வாங்கிக்கொள்கிறேன் என்று ஒத்துக்கொள்கிறான். நிலத்தோடு அந்த வீட்டு விதவை மருமகளையும் மணந்துகொள்ள வேண்டும் என்றதும் பின்வாங்கிவிடுகிறான். அவனை வைத்துச் சண்டை ஆரம்பமாகிவிட்டது.

"வேணாம்னு மொகத்துக்கு நேராச் சொன்னான்ல, அது யோக்கியம்தான?" என்றார் அப்பா.

"அது எப்படிண்ணே யோக்கியம்? நெலம்னா வேணும், பொண்ணுன்னா வேணாமா?" என்றார் சித்தப்பா.

வெற்றிலை அடுக்கிய பெண்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். ஒருத்தி அந்தப் பங்காளியின் பெண்டாட்டியை நினைத்துப் பார்க்கச் சொன்னாள். கவுளிக் கணக்கு தவறி மறுபடி எண்ணினார்கள். ஒரு மணி நேரம் போனது. நான் பஸ்ஸுக்குக் கிளம்பியபோதும் சத்தம் ஓயவில்லை.

மறுநாள் குறிப்புத் தாளை ஹெலன் அம்மா மேஜையில் வைத்தேன். விளங்காத சொற்களை எழுதும் பத்தி வெறுமையாக இருந்தது.

"என்ன இது? எழுத மறந்துட்டியா?"

"இல்லம்மா. அந்தப் பங்காளி செஞ்சது சரியா தப்பான்னு ஒரு மணி நேரம் சண்டை போட்டாங்க."

"சொல்லைப் பத்தி?"

"ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல."

ஹெலன் அம்மா தாளில் கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினார். "அப்ப முடிஞ்சுது முத்து. அச்சுக்கு அனுப்பிரு."